பதினோரு முழுக்கைச் சட்டைகள்

நாத்தனாருக்கு ஒரு விஷயம் மனசுக்குப் பிடித்துவிட்டால் அதை லேமினேட் செய்துவிடுவார். பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தெட்டு வருஷமாகத் தலைமைக் குமாஸ்தா. லேமினேஷன் மெஷின் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளின் சான்றிதழில் ஆரம்பித்த பழக்கம். அப்புறம் வீட்டுக் கரண்ட் பில், குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாத அட்டை, ஓய்வு பெற்றுப் போன தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்த பாராட்டுக் கடிதம் என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் உள்ளே போனது. உலகத்தில் எது வேண்டுமானாலும் மாறலாம், பிளாஸ்டிக்குக்குள் போனது மாறாது என்பது அவர் கட்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்கு வந்தபோதும் கையில் பளபளவென்று ஒரு தாள் இருந்தது. இன்னொரு கையில், கயிறு போட்டுக் கட்டிய பழைய பத்திரிகைக் கட்டு. தம்பி பெண்டாட்டி தையல்காரி. துணி வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் அளவு வெட்டிப் பார்ப்பாள், அதற்குப் பழைய பத்திரிகை ஆகும் என்று மாதம் ஒரு கட்டு கொண்டுவந்து போடுவது நாத்தனாரின் தருமம். அதை அவர் வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டவும் செய்வார்.

வீட்டின் முன்னறைதான் தையல்காரியின் கடை. ஜன்னலோரம் மெஷின், நடுவில் வெட்டும் மேசை, மூலையில் துண்டுத் துணிக் கூடை. மேசை மேல் பரப்பியிருந்த துணியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு நாத்தனார் அந்தத் தாளை நடுநாயகமாக வைத்தார். போன வாரத்து ஞாயிறு இணைப்பின் ஐந்தாம் பக்கம். 'தாயின் எதிர்ப்புச் சக்தி மரபணுக்களும் குழந்தையின் மூட்டுவாதமும்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கட்டுரையில் மூன்று இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு. 'தாயிடமிருந்து', 'தாயின் அணுக்கள் குழந்தையின் உடலுக்குள்', 'ஆபத்து'. இந்த மூன்றுக்கும் நடுவே இருந்த வார்த்தைகளுக்குச் சிவப்பு மை கிடைக்கவில்லை.

"படிச்சுப் பாரு" என்றார் நாத்தனார். "நான் சொன்னா குத்திக்காட்டுறேம்பே. இது படிச்சவங்க எழுதினது."

தையல்காரி படித்தாள். உள்ளறையில் அவளுடைய ஒரே பெண் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயது. துண்டுத் துணிகளுக்கு நடுவிலேயே வளர்ந்ததால் துணுக்கு என்று பேராகிவிட்டது. ஏழு மாசமாகத் துணுக்கின் வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. இடது மணிக்கட்டு மடங்குவதில்லை. ஒரு கால் விரல் மட்டும் மற்றதைவிட இரண்டு பங்கு பருத்து நிற்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் மரக்கட்டை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேலை தெரியாமல் சொந்த மூட்டைப் போட்டு அடிக்கிறது, இது பல வருஷம்கூட நீடிக்கலாம் என்று மூட்டு டாக்டர் சொல்லியிருந்தார். என்ன வகை என்பது மட்டும் அவருக்கே இன்னும் பிடிபடவில்லை.

"உன் அணு உள்ள போய் உக்காந்திருக்காம்" என்றார் நாத்தனார். "அதுதான் பிள்ளையோட மூட்டை அரிக்குது. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். எங்க குடும்பத்துல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்காவது ஒரு நோய் நொடி உண்டா, சொல்லு."

தையல்காரி மேசை ஓரத்தைப் பார்த்தாள். நாத்தனார் முழங்கையால் ஒதுக்கிய துணி, அவர் தனக்குக் கோட்டு தைக்கக் கொடுத்ததுதான். அதில் வரிசையாக ஆறு பட்டன் வைக்க வேண்டும். ஆறும் வெளியில் தெரிவதற்கு மட்டும். உள்ளே காந்தம் வைத்துத் தைக்க வேண்டும், கை பட்டதும் தானாக மூடிக்கொள்ளும். மூன்று வருஷமாக நாத்தனாரின் எல்லாக் கோட்டுக்கும் இப்படித்தான். கேட்டால் ஃபேஷன் என்பார். அவருடைய அப்பா, செத்துப்போன மாமனார், கடைசிப் பத்து வருஷம் பட்டன் வைத்த சட்டையே போடவில்லை. அவருக்கு எல்லாம் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப் பட்டிதான், வெல்க்ரோ. கேட்டால் குளிர் தாங்காத கை என்பார்கள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது, ஃபேஷனும் குளிரும் மட்டும்தான்.

"அதனால ஒரு முடிவு பண்ணியிருக்கேன்" என்றார் நாத்தனார். "துணுக்கு இனிமே என் வீட்டுல இருக்கட்டும். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறோம்ல, இந்தப் பேப்பரைக் காட்டி அவங்க வாயாலயே சொல்ல வைக்கிறேன். அங்கிருந்து அப்படியே என்னோட கூட்டிட்டுப் போயிடறேன்."

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"நோய் தீர்ற வரைக்கும்."

தையல்காரி புருஷனைப் பார்த்தாள். புருஷனுக்குக் குடிநீர் அலுவலகத்தில், புகார் மனு வாங்கிப் போடும் மேசையில் வேலை. தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றாலும், வந்த தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது என்றாலும் அவன் சொல்வது ஒரே வார்த்தைதான். பதினாறு வருஷம் சொல்லிச் சொல்லி நாக்கிலேயே ஊறிப்போன வார்த்தை.

"பார்க்கலாம்" என்றான்.

பெற்ற பெண்ணை அக்கா மூட்டை கட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள், இவனுக்குக் குழாய் ரிப்பேர் மாதிரி பார்க்கலாமாம்.

நாத்தனார் கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். அதுவும் லேமினேட் செய்ததுதான். வியாழக்கிழமை வரைக்கும் தாய் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்: துண்டு தனி, தட்டு தனி, படுக்கை தனி, தேவை இல்லாமல் பிள்ளையைத் தொடக் கூடாது. நான்காவது விதியை அவர் வாய்விட்டும் ஒருமுறை வாசித்தார். பிறகு டீ கேட்டார். டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துப் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்.

சிரிப்புக்கு இடமான காகிதம்தான். ஆனால் தையல்காரி சிரிக்கவில்லை, கிழித்தும் போடவில்லை. அவளும் நம்பினாள், அதுதான் கொடுமை. ஏழு மாசமாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. வயிற்றில் இருந்தபோது ராப்பகலாக மெஷின் மிதித்தேனே, அதனாலா? பால் சீக்கிரம் நிறுத்தினேனே, அதனாலா? இப்போது யாரோ அச்சடித்துப் பதிலே கொடுத்துவிட்டார்கள். உன்னாலதான். நீ ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, நீ நீயாக இருந்ததே போதும்.

திங்கட்கிழமை காலையில் துணுக்கு மரக்கட்டையாகக் கிடந்தாள். வழக்கமாகத் தையல்காரி கம்பளித் துண்டை இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி, முழங்காலைச் சுற்றி, மேலே தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்குச் சூடாக்கிப் புருஷன் கையில் கொடுத்தாள். அவன் பார்சல் கட்டுவது போலக் கட்டினான். அது அவிழ்ந்து விழுந்தது. மறுபடியும் கட்டினான், மறுபடியும் விழுந்தது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

"அம்மா, உன் கைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் துணுக்கு.

"ஒண்ணும் ஆகலடா."

"அப்புறம் ஏன் நீ கட்ட மாட்டேங்கிற?"

தையல்காரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் போகக் காலும் வரவில்லை, விட்டுப் போகவும் மனசு வரவில்லை. வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோட்டு வேலையை எடுத்தாள். அழுகையும் ஆத்திரமும் ஒரு பக்கம் இருக்க, சொன்ன தேதிக்குத் துணி கொடுக்க வேண்டும் அல்லவா. நாத்தனார் கொண்டுவந்து போட்ட கட்டைப் பிரித்து, மேலே இருந்த தாளை விரித்து, கோட்டின் கைக்கு அளவு வரைந்து வெட்டினாள். வெட்டிய காகிதத்தைத் துணி மேல் வைத்து குண்டூசி குத்தும்போதுதான் கண்ணில் பட்டது. 'ஐந்தாம் பக்கத் தொடர்ச்சி.'

ஓடிப் போய் அந்தப் பளபளத் தாளை எடுத்துப் பார்த்தாள். அதன் அடியில், பிளாஸ்டிக்குக்கு உள்ளேயே, பொடி எழுத்தில் இருந்தது: தொடர்ச்சி 12-ஆம் பக்கம். ஊரெல்லாம் பிள்ளைகளின் விண்ணப்பத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து 'பின்பக்கம் நிரப்பலையே' என்று திருப்பி அனுப்பும் தலைமைக் குமாஸ்தா, தனக்கு வேண்டியது ஐந்தாம் பக்கத்திலேயே கிடைத்துவிட்டதால் பன்னிரண்டாம் பக்கத்தைத் தேடவே இல்லை. கயிறு போட்டுக் கட்டி, தானே சுமந்துகொண்டு வந்து, தம்பி பெண்டாட்டியின் மேசையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

தோள் வளைவுக்காக வெட்டித் தள்ளிய துண்டுகளைக் கூடையிலிருந்து பொறுக்கி, காகிதக் கையோடு சேர்த்து குண்டூசியால் பொருத்தி, தையல்காரி நின்றபடியே வாசித்தாள். தாயின் மரபணுக்களில் பாதிதான் பிள்ளைக்குப் போகிறது. போகாத மறுபாதிக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று சிலர் ஆராய்கிறார்கள். கருவில் இருக்கும்போதே தாயின் அணுக்கள் கொஞ்சம் பிள்ளைக்குள் போய், பல வருஷம் அங்கேயே தங்கிவிடுகின்றன. அவை சில பேருக்கு நோய்க்குத் துணை போகின்றனவோ என்று ஒரு ஆராய்ச்சி சந்தேகப்படுகிறது. சில பேருக்கு நோய் வராமல் காக்கின்றன என்று இன்னொரு ஆராய்ச்சி காட்டுகிறது. இன்னும் எதுவும் முடிவாகவில்லை. இதை வைத்துத் தாயைக் குறை சொல்வது அறிவீனம். காக்கின்றன என்ற வார்த்தை சரியாகத் தோள் வளைவில் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. அதைப் பொருத்தியபோது அவள் விரலில் ஊசி ஏறிவிட்டது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கடைசிப் பத்தி மணிக்கட்டுப் பக்கம் வந்தது. பெற்றோரில் யாருக்காவது சொரியாசிஸ் போன்ற தோல் நோய் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்; நோயின் வகையைக் கண்டுபிடிக்க அது உதவும்.

அங்கே வந்ததும் தையல்காரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கொடியில் புருஷனின் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் முழுக்கை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவன் கையை மடிக்க மாட்டான். இரண்டு முழங்கையிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். கல்யாணமான முதல் வாரம் அவள் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, அவன் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் பதில் சொல்லிவிட்டார். "மேசை உரசின தழும்பு. இதை வெளியில சொல்லிட்டுத் திரியாதே. தையல்காரிக்குத் தெரிஞ்சது தையலோட இருக்கணும்." இருந்தது. பதினோரு வருஷமாக வருஷத்துக்கு ஒரு முழுக்கைச் சட்டை அவளே அளந்து, அவளே வெட்டி, உரசாத மெல்லிய துணியை உள்ளே கொடுத்துத் தைத்து மூடினாள். மாமனாரின் ஒட்டுப் பட்டி, நாத்தனாரின் காந்தம், புருஷனின் முழுக்கை. அந்தக் குடும்பத்துக்கு நோய் நொடியே கிடையாது என்ற பேரைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

போன தடவை டாக்டர் குடும்ப நோய் விவரம் எழுத ஒரு படிவம் கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நாத்தனார் அதை வாங்கிப் போனார். அவளும் சரி என்றுதானே விட்டாள். அவள்மேல் அவளுக்கே அப்படி ஒரு கோபம் வந்தது. நாத்தனார் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம்.

எழுந்து உள்ளே போனாள். துணுக்கின் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விதிகள் எழுதிய தாள் மேசையில் மின்னிக்கொண்டு கிடந்தது. பாழாய்ப்போன பிளாஸ்டிக், கிழிக்கவும் வராது.

வியாழக்கிழமை டாக்டர் அறைக்குள் நான்கு பேரும் போனார்கள். நாத்தனார் தோளில் துணுக்கின் துணிப்பை. காலையிலேயே வந்து அவரே எடுத்து வைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூட்டு டாக்டர், நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. ஒரு நாளைக்கு நாற்பது பெற்றோரைப் பார்த்துப் பார்த்து எந்தச் சத்தத்துக்கும் கண் இமைக்காத முகம்.

நாத்தனார் முதலில் படிவத்தை நீட்டினார். தந்தை வழி: இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஒன்பது கேள்விக்கு ஒன்பது இல்லை, முத்து முத்தான கையெழுத்து. தாய் வழி: தாய்மாமன் பந்து விளையாடிக் கணுக்கால் பிசகியது, தாயின் சித்திக்கு அடிக்கடி தலைவலி, தாய்க்கு, பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒருமுறை காய்ச்சல். டாக்டர் படித்துவிட்டு அதன் மேல் பேனாவை வைத்தார். பேனா வழுக்கியது.

"இது என்ன, லேமினேட் பண்ணியிருக்கீங்க?"

"அழியாம இருக்கும்ல டாக்டர்."

"நான் எழுதணுமே அம்மா."

"எழுத வேண்டியது எல்லாம் நானே எழுதிட்டேன்" என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு ஐந்தாம் பக்கத்தையும் எடுத்து வைத்தார். "இதையும் பாருங்க. தாயோட அணுதான் பிள்ளைக்குள்ள பூந்து வேலை பண்ணுதாம். அதான் தாயையும் பிள்ளையையும் கொஞ்ச நாள் பிரிச்சு வெச்சாத் தேவலைன்னு எங்க குடும்பத்துல முடிவு பண்ணிட்டோம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, இப்படியே கூட்டிட்டுப் போயிடுவேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த அணு போனது ஒம்பது வருஷத்துக்கு முன்னால, பிள்ளை வயித்துக்குள்ள இருந்தப்போ. எல்லா அம்மாகிட்ட இருந்தும் எல்லாப் பிள்ளைக்கும் போகும். நீங்க இவளைக் கடலுக்கு அந்தப் பக்கமே கொண்டுபோய் வெச்சாலும் இவ அம்மா இவளுக்குள்ளதான் இருப்பாங்க. வீட்டை மாத்தினா வெளியில வந்துடுமா என்ன."

"ஆபத்துன்னு போட்டிருக்கே."

"காப்பாத்துதுன்னும் போட்டிருக்கு அண்ணி" என்றாள் தையல்காரி. பையிலிருந்து காகிதக் கையை எடுத்து மேசையில் விரித்தாள். குண்டூசி குத்திய இடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. "தொடர்ச்சி பன்னெண்டாம் பக்கம். நீங்க கொண்டுவந்த கட்டுலதான் இருந்தது. உங்க கோட்டுக்குக் கை வெட்டிட்டேன்."

நாத்தனார் அந்தக் காகிதத்தைப் பார்த்தார், அதன் அளவையும் பார்த்தார். தன் கை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"டாக்டர், அந்த ஃபாரத்துல எழுதினது சரியில்ல" என்றாள் தையல்காரி. "பொய் எழுதினது அவங்க. ஆனா பதினோரு வருஷமா மூடித் தெச்சது நான். முதல்ல என்னைத் திட்டுங்க, அப்புறம் கேளுங்க." அளவு நோட்டை எடுத்துப் பிரித்தாள். ஆள் பேர், தேதி, மார்பு, தோள், கை. ஓரத்தில் பொடி எழுத்தில் அவள் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள். மாமனார்: பட்டன் வேண்டாம், விரல் மடங்கவில்லை. இன்னொரு பக்கம்: கோட்டுக்குக் காந்தம். அந்தப் பக்கத்தின் பேரை மட்டும் அவள் உரக்க வாசிக்கவில்லை. கடைசியாகப் புருஷன் பக்கம். "ஏங்க, கையை மடிச்சுக் காட்டுங்க."

புருஷன் அக்காவைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"அது வந்து... பார்க்கலாம்."

"இப்பவே பார்க்கலாம்" என்று டாக்டர் எழுந்து வந்துவிட்டார்.

பட்டனைக் கழற்றிச் சுருட்டிச் சுருட்டி முழங்கை வெளியே வந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு துணுக்கின் கையை எடுத்து நகங்களைப் பார்த்தார். எல்லா நகத்திலும் பொடிப் பொடியாகக் குழி. போன தடவையே அவர் அதைக் கேட்டார். பிள்ளை அம்மாவின் தையல் விரலுறையை மாட்டிக்கொண்டு விளையாடுவாள், அதன் புள்ளி நகத்தில் பதிந்திருக்கும் என்று நாத்தனார்தான் முந்திக்கொண்டு சொன்னார்.

"இது சொரியாசிஸ்" என்றார் டாக்டர். "தொட்டா ஒட்டாது, வெக்கப்பட வேண்டியதும் இல்ல. இதைச் சொல்லாததுக்குத்தான் வெக்கப்படணும். இந்த நகம், அந்தக் கால் விரல், அப்பாவோட முழங்கை மூணையும் சேர்த்துப் பார்த்தா பிள்ளைக்கு என்ன வகைன்னு தெரியுது. ஏழு மாசம் நான் இருட்டுல தேடிட்டு இருந்தேன். மருந்தை இன்னிக்கே மாத்தறேன்."

ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், தையல்காரிக்கு உச்சி குளிர்ந்தது. என் அணு இல்லை, உன் முழங்கை. ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் போல இருந்தது. அப்புறம் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ஏழு மாசமாகத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது இருந்த அதே முகம்.

"அப்போ இவருக்குன்னா, இவராலதானா டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"யாராலயும் இல்லம்மா. சீட்டாட்டம் மாதிரி ரெண்டு பேர்கிட்ட இருந்தும் சீட்டு வந்து கலையுது, எந்தச் சீட்டு எங்க விழும்னு யார் கண்டா. தெரியாத விஷயம் எங்களுக்கே ஏகப்பட்டது இருக்கு. நீங்க கொடுத்தது என்ன பண்ணிச்சு, கொடுக்காதது என்ன பண்ணிச்சுன்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க. வேற ஃபாரம் தரேன், நீங்களே எழுதுங்க. இதை லேமினேட் பண்ணாதீங்க."

நாத்தனாருக்கு இப்போதுதான் பிடி கிடைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா இது எங்க அம்மா வழியா வந்திருக்கும் டாக்டர். எங்க அம்மா வேற வீட்டுல இருந்து வந்தவங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அம்மாள் நாத்தனாரைப் பெற்றவர், செத்து இருபது வருஷம் ஆகிறது. நாத்தனார் கணக்கில், குற்றம் என்று ஒன்று இருந்தால் அது வாசல் வழியாக உள்ளே வந்த ஏதோ ஒரு பெண்ணுடையதாகத்தான் இருக்க வேண்டும். பெற்ற தாயே ஆனாலும் சரி. புருஷன்கூடத் தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, போதும்" என்றான். பதினாறு வருஷத்தில் பார்க்கலாம் அல்லாத ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். "பையைக் குடு. பிள்ளை அவ அம்மாகூட வரட்டும்."

வெளியே நீளமான தாழ்வாரம், ஓரமாக நாற்காலிகள். நாத்தனார் பையைத் தோளிலிருந்து இறக்கினார். உள்ளே வைத்த தன் கண்ணாடிக்கூட்டை எடுக்க ஜிப்பைப் பிடித்து இழுத்தார். அந்தச் சின்ன நாக்கு அவர் விரலுக்கு அகப்படவில்லை. மறுபடி பிடித்தார், நழுவியது. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பியபோது துணுக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். நொண்டிக்கொண்டே வந்து தன் நல்ல கையால் ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அத்தை, உங்களுக்கும் காலையிலதான் ரொம்ப வலிக்குமா?"

நாத்தனார் பதில் சொல்ல ஆரம்பித்தார். ஃபேஷன் என்றோ குளிர் என்றோ ஏதோ ஒன்று வாய் வரைக்கும் வந்திருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளை வீங்கிய மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தெரிந்த விஷயத்தைக் கேட்பவள் மாதிரி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆமாடா" என்றார்.

"அம்மாவைக் கை வைக்கச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றாள் துணுக்கு.

நாத்தனார் தையல்காரியின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தையல்காரிக்குச் சொல்ல வேண்டியது மூட்டை மூட்டையாக இருந்தது. நான்காவது விதியை ஒப்பிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. "பெரியவங்களுக்கான மூட்டு டாக்டர் ரெண்டாவது மாடி அண்ணி, சீட்டு வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலையில் தையல்காரி கொடியிலிருந்து பதினோரு சட்டையையும் இறக்கி வெட்டும் மேசையில் அடுக்கினாள். பெரிய கத்தரியை எடுத்தாள். புருஷன் குளித்துவிட்டு வந்து நின்றான்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் மேசையைச் சுற்றி வந்து, முதல் சட்டையின் கையை அவள் வெட்ட வசதியாக இழுத்துப் பிடித்துக்கொண்டான். முழங்கைக்கு மேலே கோடு போட்டு அவள் வெட்டிக்கொண்டே போனாள். வெட்டி விழுந்த இருபத்திரண்டு கைகளும் மேசை ஓரத்தில் குவிந்தன. உரசாத மெல்லிய துணி உள்ளே வைத்துத் தைத்தவை, ஒரு நூல் பிரியவில்லை. அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். ஒரு முனையை மடித்து நாடா கோத்து, நடுவில் கம்பளி வைத்துத் தைத்தாள். இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய் துணுக்கின் காலில் ஏற்றினாள். முழங்காலில் அளவெடுத்தது போலக் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது யாரோட சட்டை?" என்று கேட்டாள் துணுக்கு.

"அப்பாவோடது. தெச்சது நான்" என்று சொல்லிவிட்டு, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.